சுவருக்குள் லொக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு வீடு கட்டும் கொந்தராத்து வேலை செய்கிறேன். வடக்கே வாழைச்சேனை, தெற்கே அக்கரைப்பற்று வரை வேலை போகும். பூச்சு வேலை தொடங்கும் நேரம் பார்த்து வீட்டுக்கார அம்மா மெல்லப் பக்கத்தில் வருவார். குரலைத் தாழ்த்தி, "தம்பி, சுவருக்குள்ள ஒரு லொக்கர் வைக்க ஏலுமா?" என்பார். அந்தக் கேள்விக்கும் அதன் வாலைப் பிடித்து வரும் கேள்விகளுக்கும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இவை. லொக்கர், சேஃப், பெட்டகம், இரும்புப் பெட்டி என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். நான் பெரும்பாலும் பெட்டி என்றே எழுதியிருக்கிறேன்.

எந்தப் பெட்டி நல்லது? கடையில் பத்து விதம் இருக்கிறதே.

பெட்டியைப் பிறகு பார்ப்போம். உங்கள் சுவர் என்ன சுவர்?

காசோடு கடைக்குப் புறப்பட்டு நிற்பவரிடம் இப்படிக் கேட்டால் முகம் மாறத்தான் செய்யும். ஆனால் பதித்து வைக்கும் பெட்டியின் பலத்தில் பெரிய பங்கு சுவருடையது. சாதாரணப் பெட்டிகளில் கதவுத் தகடு மட்டும்தான் தடிப்பு, மற்ற ஐந்து பக்கமும் மெல்லிசு. அந்த ஐந்து பக்கத்தையும் கொங்கிரீட்டுக்குள் ஒளித்துக் கதவை மட்டும் வெளியே காட்டுவதுதான் இந்த வேலையின் சூட்சுமம். சுவர் கைகொடுக்காவிட்டால் நீங்கள் மாட்டி வைத்திருப்பது ஒரு பிஸ்கட் டின்.

நம் பக்கத்துப் பழைய செங்கல் வீடுகளில் வெளிச்சுவர் 9 அங்குலம், உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் நாலரை அங்குலம். பின்னால் வந்த வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல். அதில் 4 அங்குலக் கல்லும் உண்டு, 6 அங்குலக் கல்லும் உண்டு. முழுக் கல்லா, நடுவில் ஓட்டை விட்ட கல்லா என்பது அடுத்த கேள்வி. கட்டியவரைக் கேட்டால் மறந்திருப்பார், சுவரைக் கேட்டால் சொல்லும். மேசன் கரண்டியின் மரப்பிடியால் ஓரிடத்தில் தட்டிப் பாருங்கள். "டொக்" என்று குறுகிய சத்தம் வந்தால் முழுக் கல். "டம்" என்று வயிற்றில் தட்டியது போல வந்தால் உள்ளே வெறுமை. ஒரு சாண் தள்ளித் தள்ளித் தட்டினால் கல்லின் நடுவும் விளிம்பும்கூடச் சத்தத்தில் பிரிந்து வரும். பூச்சு கல்லை விட்டுக் கழன்றிருந்தாலும் "டம்" என்றுதான் கேட்கும். சந்தேகம் இருந்தால் மெல்லிய ட்ரில் ஊசியால் ஒரு ஓட்டை போட்டுப் பாருங்கள்.

9 அங்குலச் சுவரென்றால் 5 அல்லது 6 அங்குல ஆழமுள்ள பெட்டியைத் தாராளமாகப் பதிக்கலாம். பின்னால் 2 அங்குலக் கொங்கிரீட் போட இடம் மிஞ்சும். 6 அங்குலச் சுவரில் 3 அங்குல ஆழப் பெட்டிதான் சரி. காகிதத்துக்கும் சங்கிலிக்கும் அது போதும், நகைப் பெட்டியோடு வைக்க முடியாது. 4 அங்குலச் சுவரைக் குடைய நான் சம்மதிப்பதில்லை.

ஏன் என்று கேட்கிறவர்களுக்குக் களுவாஞ்சிகுடிப் பக்கம் பார்த்த ஒரு வீட்டைச் சொல்வேன். படுக்கையறைச் சுவரில் யாரோ பெட்டி பதித்துக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கம் பார்த்தால் அருமையான வேலை. சுவரின் மறுபக்கம் குசினி. அங்கே தேங்காய் துருவுகிற இடத்துக்கு மேலே, வெள்ளைப் பூச்சில், பென்சிலால் கோடு போட்டது போல மெல்லிய வெடிப்பு. நாலு பக்கமும் ஒழுங்கான சதுரம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துப் போனவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துத்தான் போயிருப்பார்கள். ஒரு திருப்புளியும் அரை மணி நேரமும் இருந்தால் குசினிப் பக்கத்தால் பெட்டி கையோடு வந்துவிடும்.

எங்கள் வீடு முழுக்க 4 அங்குலச் சுவர்தான். வழியே இல்லையா?

இருக்கிறது, மூலையைப் பாருங்கள். இரண்டு சுவர் சேரும் இடத்தில் தரையிலிருந்து ஒரு சின்னத் தூண் மாதிரிக் கட்டி எழுப்பி, அதற்குள் பெட்டியை வைத்துச் சுற்றிக் கொங்கிரீட் போடலாம். இரண்டு பக்கத்துக்குச் சுவர் காவல், கதவு தவிர மற்ற மூன்று பக்கத்துக்கு நீங்கள் போட்ட கொங்கிரீட் காவல். கட்டிய பிறகு அதன் முன்னால் அலுமாரிக் கதவு ஒன்றை மாட்டிவிட்டால் அறையின் அமைப்போடு போய்விடும். எங்கள் ஆட்கள் இரண்டு நாளில் முடிக்கிற வேலை. உண்மையைச் சொன்னால், மோசமாகப் பதித்த 9 அங்குலச் சுவரைவிட நன்றாகக் கட்டிய மூலைத் தூண் எனக்குப் பிடிக்கும்.

வீட்டில் எந்த இடத்தில் வைப்பது?

எங்கே வைக்கக் கூடாது என்பதிலிருந்து வருகிறேன். வெளிச்சுவர் வேண்டாம். ஆள் வெளியே நின்று குடையலாம். அதைவிட, மாரியில் வாடைக்காற்றோடு அடிக்கும் மழை முழுவதையும் அந்தச் சுவர்தான் குடிக்கிறது. குளியலறைக்கு முதுகு கொடுத்து நிற்கும் சுவரும் வேண்டாம், குழாயும் ஈரமும் அங்கேதான். கொங்கிரீட் தூண், கதவு யன்னலுக்கு மேலே போகும் லிண்டல், சுவரைச் சுற்றிப் போகும் கொங்கிரீட் வளையம் எதையும் தொடக் கூடாது. அவை வீட்டின் எலும்பு. சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும் சுவர் வெட்டும் கிரைண்டரை வைக்காதீர்கள். 230 வோல்ட் வயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இறங்கும்.

மிஞ்சுவது நடுவீட்டு உள்சுவர். அதிலும் உயரம் முக்கியம். திறந்து பார்க்க வசதியாக நெஞ்சு மட்டத்தில் வையுங்கள் என்று எங்கும் சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2011 ஜனவரி வெள்ளத்தில் உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். அதற்கு இரண்டு அடியாவது மேலே பெட்டியின் அடிப்பக்கம் இருக்கட்டும்.

நிலத்துக்குள் புதைக்கும் பெட்டி இதைவிடப் பாதுகாப்பு என்கிறார்களே?

மேட்டு நிலத்து ஊர்களுக்குச் சரி. மார்கழி மாதம் கல்லடியிலோ காரைதீவிலோ மண்வெட்டியால் நாலு தரம் வெட்டிப் பாருங்கள், தண்ணீர் வந்து எட்டிப் பார்க்கும். மணலும் உப்பும் ஊற்றும் சேர்ந்த நிலத்தில் இரும்பைப் புதைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. யுத்த காலத்தில் நகையைப் போத்தலில் போட்டு மெழுகால் அடைத்துக் கிணற்றடியில் புதைத்த ஆட்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் போத்தலைத் தெரிவு செய்தார்கள், தகரத்தை அல்ல.

உப்புக் காற்றில் பெட்டி கறள் பிடிக்காதா?

பிடிக்கும். கள்ளன் வருவதற்கு முன் கறள் வரும் ஊர் இது.

கறள் இரண்டு வழியால் வருகிறது. பலரும் வெளிக்காற்றை மட்டும் நினைக்கிறார்கள். கதவில் ஆணி கீறிய இடம், கீல், சாவித் துவாரத்தைச் சுற்றிய வளையம், இவை கண்ணுக்குத் தெரிகிற இடங்கள். மாதம் ஒரு தரம் துணியில் கொஞ்சம் மெஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். உட்பக்கக் கம்பிகளுக்கு, அதாவது பூட்டும்போது வெளியே தள்ளும் உருளைகளுக்கு, எண்ணெய்க்குப் பதில் கிறீஸ் மெல்லிசாகத் தடவுங்கள்.

மற்ற வழி சுவருக்குள் இருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாது. நல்ல கொங்கிரீட் இரும்புக்குப் பகை இல்லை. சீமெந்தின் காரத்தன்மை இரும்பின் மேல் மெல்லிய படலம் ஒன்றை உண்டாக்கிக் காப்பாற்றும். கலவையில் உப்பு கலந்துவிட்டால் அந்தப் படலம் உடைந்துவிடும். அதனால் பெட்டியைச் சுற்றிப் போடும் கலவைக்குக் கடல் மணலைத் தொடவே தொடாதீர்கள். "கழுவிய மணல்தான்" என்று சொன்னாலும் வேண்டாம். ஆற்று மணல் இரண்டு வாளி போதும், அதற்குக் கஞ்சத்தனம் காட்ட வேண்டியதில்லை. கலக்கும் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பாருங்கள். கரையோரக் கிணறுகள் சில, கோடையில் உவர்க்கும். பதிப்பதற்கு முதல் நாள் பெட்டியின் ஐந்து வெளிப்பக்கங்களுக்கும் தார்ப் பெயின்ட் இரண்டு கோட் அடித்துக் காயவிடுவது என் வழக்கம்.

பெட்டிக்கு உள்ளேயும் ஈரம் தங்கும். சிலிக்கா ஜெல் பொட்டலம் வையுங்கள், ஆனால் சப்பாத்துப் பெட்டியில் வரும் அந்தச் சின்னது ஒன்றும் செய்யாது. 100 கிராம் அளவு பொட்டலம், நிறம் மாறுகிற வகை என்றால் நல்லது. ஈரம் குடித்து நிறம் மாறியதும் ஓவனில் 110, 120 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் சூடாக்கி மறுபடி வைக்கலாம். தண்ணீராகச் சேர்ந்து அடியில் நிற்குமே, அலுமாரிக்கு என்று விற்கும் டப்பா, அதை மட்டும் வைக்காதீர்கள். அது கல்சியம் குளோரைட்டு. ஒரு தரம் கவிழ்ந்தால் போதும், பெட்டி உள்ளிருந்தே கறள் தின்னும்.

எவ்வளவு பெரியது வேண்டும்? எங்களிடம் 50 பவுண் இருக்கும்.

இதை என்னிடம் சொல்லியிருக்கவே கூடாது, சரி. ஒரு பவுண் 8 கிராம். 50 பவுண் 400 கிராம். முழுவதையும் உருக்கி ஒரு கட்டியாக்கினால் ஏறக்குறைய ஒரு தீப்பெட்டி அளவு வரும். இடத்தைப் பிடிப்பது தங்கம் அல்ல, நகைக்கடைக்காரர் தந்த வெல்வெட் பெட்டிகள்தான். அவற்றை அலுமாரியில் போட்டுவிட்டு, நகையைத் தனித்தனியே சின்னத் துணிப்பைகளில் சுற்றி வைத்தால் பாதிப் பெட்டி மிச்சம்.

அளவைத் தீர்மானிப்பது காகிதம். ஏ4 தாள் 21 சென்ரிமீற்றர் அகலம், 29.7 நீளம். பழைய காணி உறுதிகள் அதைவிட நீளமான தாளில் இருக்கும், 13 அங்குலம் வரும். வீட்டிலுள்ள உறுதிகளை எடுத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கதவு வாசலின் அளவையும் பாருங்கள், சட்டம் ஒரு அங்குலத்தை விழுங்கிவிடும். வெளி அளவை நம்பி வாங்கியவர்கள் உறுதியை நாலாக மடித்து வைத்து, மடிப்பில் எழுத்து உதிர்ந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

நம்பர் அடிக்கும் பூட்டா, திறப்புப் பூட்டா, விரல் வைக்கும் பூட்டா?

நாள்தோறும் திறக்க மாட்டீர்கள் என்றால் நல்ல திறப்புப் பூட்டே போதும். பற்றரி இல்லை, உப்புக் காற்றுக்குப் பலியாகும் எலக்ட்ரோனிக் தட்டு இல்லை. ஒரேயொரு தொல்லை, திறப்பை எங்கே ஒளிப்பது? ஒளிக்கிற இடத்தைக் கள்ளனும் யோசிப்பான்.

நம்பர் பூட்டில் மலிவு வகைகளைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே கம்பியைப் பிடித்து வைத்திருப்பது ஒரு சின்ன மின்காந்த ஊசி. சில பெட்டிகளில், மேலே ஒரு அடி அடித்தபடி கைப்பிடியைத் திருப்பினால் அந்த ஊசி துள்ளி வழிவிட்டுவிடும். சுவரில் பதித்துக் கொங்கிரீட் போட்டால் அடித்து உலுக்குவது கடினம், ஆனாலும் மோட்டாரால் இயங்கும் பூட்டு என்று கேட்டு வாங்குவது நல்லது. ஐரோப்பிய தரமான ஈஎன் 14450 இன் எஸ்1, எஸ்2 முத்திரை இருந்தால் யாரோ உடைத்துப் பார்த்துச் சோதித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முத்திரை இல்லாதவற்றுக்குக் கடைக்காரரின் வாய்தான் சான்று.

வாங்கி வந்ததும் முதல் வேலை நம்பரை மாற்றுவது. கடையில் போட்டு வரும் நம்பர் விளக்கத்தாளிலேயே அச்சாகியிருக்கும். ஹோட்டல் அறைகளில் வைக்கும் வகைகளில் இரண்டாவதாக ஒரு தலைமை நம்பரும் உண்டு, ஆறு பூச்சியம் மாதிரி எதையாவது போட்டு விட்டிருப்பார்கள். அதையும் மாற்றுங்கள். பிறந்த ஆண்டு, மோட்டார் சைக்கிள் நம்பர், அடையாள அட்டையின் கடைசி நாலு இலக்கம் மூன்றும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் ஆளே முதலில் அவற்றைத்தான் அடித்துப் பார்ப்பார்.

விரல் பூட்டு வயலுக்கும் தோட்டத்துக்கும் போகிற கைக்குச் சரிவராது. சீமெந்து தின்ற என் விரலைப் பல கருவிகள் ஆளென்றே ஏற்பதில்லை.

கட்டி முடித்த வீட்டில் பதிக்கலாமா? எப்படிச் செய்வீர்கள்?

பதிக்கலாம். தூசுதான் தாங்க முடியாது. மெத்தையும் உடுப்பும் அறையில் இருந்தால் ஒரு வாரம் கழுவ வேண்டியிருக்கும்.

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, கிரைண்டருக்குத் தனியாக வெளியிலிருந்து வயர் இழுப்போம். பெட்டியைச் சுவரில் பிடித்துப் பென்சிலால் வரைந்து, நாலு பக்கமும் ஒன்றரை அங்குலம் கூட்டிக் கோடு போடுவோம். அந்த ஒன்றரை அங்குலம்தான் கொங்கிரீட்டுக்கு இடம். கிரைண்டரால் பூச்சையும் கல்லின் முகத்தையும் வெட்டிய பிறகு உளியால் மெல்ல எடுக்க வேண்டும். பெரிய சுத்தியலால் ஓங்கி அடிப்பவரை நிறுத்துங்கள், மறுபக்கப் பூச்சு கழன்று விழும். ஓட்டைக் கல் என்றால் சுற்றியுள்ள வெறுமைகளில் கம்பித் துண்டு சொருகிக் கொங்கிரீட்டால் நிரப்பியாக வேண்டும். வாசல் ஒன்றரை அடிக்கு மேல் அகலம் என்றால் மேலே ஒரு சின்ன லிண்டல், 10 மில்லிமீற்றர்க் கம்பி இரண்டு போட்டு, இரு பக்கமும் 6 அங்குலம் சுவரில் ஏறி உட்காரும்படி.

அப்புறம் பெட்டியை உள்ளே வைப்போம். இங்கேதான் எல்லோரும் பிழைவிடுவது. கதவின் முகம் பூச்சின் முகத்தோடு சமமாக, அல்லது ஒரு நூல் வெளியே நிற்க வேண்டும். அரை அங்குலம் உள்ளே போனாலும் கதவு பாதியில் பூச்சில் முட்டி நிற்கும், உள்ளே இருக்கும் தட்டை இழுக்க வராது. அலுமாரிக்குள் வைப்பவர்கள் அலுமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பாருங்கள்.

கலவை ஊற்றுவதற்கு முன் பெட்டிக்குள் இரண்டு மரக்கட்டைகளைக் குறுக்கே இறுக்கி வைப்போம். பச்சைக் கொங்கிரீட்டின் பாரம் மெல்லிய தகட்டை உள்ளே நெளித்துவிடும், நெளிந்தால் பூட்டுக் கம்பி துவாரத்தில் போய் விழாது. ஒரேயடியாக ஊற்றாமல் மூன்று தரமாக, ஒவ்வொரு தரமும் கம்பியால் குத்தி. நம்பர் தட்டின் மேலும் சாவித் துவாரத்தின் மேலும் டேப் ஒட்டியிருக்க வேண்டும். பெட்டியின் முதுகில் போல்ட்டுக்கு விட்ட துவாரங்களையும் அடைத்துவிடுங்கள், கறையானுக்கு அதுவே பெருந்தெரு. ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து வையுங்கள். முழுப் பலம் வர 28 நாள். அதற்கு முன் நகையை வைக்க அவசரப்படாதீர்கள், புதுக் கொங்கிரீட்டின் ஈரம் பெட்டிக்குள்ளும் வரும்.

முதல் தரம் பூட்டிப் பார்க்கும்போது கதவு திறந்தே இருக்கட்டும். நம்பர் அடித்துக் கம்பிகள் வெளியே வருகின்றனவா, மறுபடி உள்ளே போகின்றனவா என்று பத்துத் தரம் பாருங்கள். பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்.

கொங்கிரீட் வேண்டாம், நாலு போல்ட் அடித்து அலுமாரிக்குள் நிறுத்தினால் போதாதா?

முழுக் கல்லுக்கோ கொங்கிரீட்டுக்கோ போதும். 12 மில்லிமீற்றர் எங்கர் போல்ட் நாலு, முதுகில் இரண்டு, அடியில் இரண்டு. ஓட்டைக் கல்லில் விரிந்து பிடிக்கும் போல்ட் பிடிக்காது, விரிவதற்கு அங்கே கல்லே இல்லை. போல்ட் அடிக்காமல் வெறுமனே வைத்த 20 கிலோ பெட்டியைக் கள்ளன் திறக்கச் சிரமப்பட மாட்டான், தோளில் வைத்துக்கொண்டு போவான்.

மகளுக்குச் சீதன வீடு கட்டுகிறோம். எப்போது சொல்ல வேண்டும்?

லிண்டல் மட்டம் வருவதற்கு முன். நம் பக்கத்தில் வீடு மகளுக்குத்தானே போகிறது, நகையும் அவளோடுதான் இருக்கப் போகிறது. அதனால் எந்த அறை, எந்தச் சுவர் என்று அவளிடமே கேளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும் நாளுக்கு முன் அந்தச் சுவர் பூசி முடிந்திருக்கட்டும். சுவர் எழும்போதே இடம் விட்டுக் கட்டினால் குடையும் வேலை இல்லை, தூசு இல்லை, செலவும் கொஞ்சம். பூச்சு முடிந்து பெயின்ட் அடித்த பிறகு வந்து கேட்பவர்கள்தான் அதிகம், என்ன செய்வது.

மேசனுக்கும் கூலியாட்களுக்கும் தெரிந்துவிடுமே?

தெரியும். அதற்குச் சுற்றிவளைத்துப் பதில் சொல்ல மாட்டேன். நானே வைத்தாலும் எனக்குத் தெரியும்.

ஒரு வழி, எங்களிடம் சுவரில் சாமான் வைக்கும் மாடம் மட்டும் கட்டச் சொல்லுங்கள். உள்ளே கம்பி போட்டு, கொங்கிரீட் போட்டு, மூன்று பக்கமும் பலமாக. பின்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் தம்பியோ மச்சானோ பெட்டியைக் கொண்டுவந்து அதற்குள் வைத்துப் போல்ட் இறுக்கலாம். காத்தான்குடியில் ஒரு ராத்தா அப்படித்தான் செய்தார். நான் மாடம் கட்டினேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. குர்ஆன் வைக்கிறேன் என்றார். இருக்கலாம்.

ஆளைவிட அட்டைப்பெட்டி ஆபத்து. லொக்கரின் படம் பெரிதாக அச்சடித்த அந்தப் பெட்டியைக் குப்பை உழவு இயந்திரத்துக்காகப் படலையில் வைத்துவிடுவார்கள், தெரு முழுக்கப் பார்க்கும். கிழித்து அடுப்பில் போடுங்கள்.

சாமிப் படத்துக்குப் பின்னால் மறைக்கலாமா?

எல்லாக் கள்ளனும் முதலில் தூக்கிப் பார்ப்பது அதைத்தான். அலுமாரிக்குள் உடுப்புக்குப் பின்னாலும் அப்படியே, ஆனால் அங்கே வைத்தால் திறந்து எடுக்க வசதி. மறைவை நம்பாமல் கொங்கிரீட்டை நம்புங்கள்.

அவர் கட்டாரில் இருக்கிறார். நானும் பிள்ளைகளும் மட்டும்தான். நம்பர் யாருக்குத் தெரிய வேண்டும்?

உங்களுக்கும் அவருக்கும். அதோடு மூன்றாவது ஒருவர் வேண்டும், ஆனால் நம்பராக அல்ல. தாளில் எழுதி உறையில் போட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்து வைத்து, வேறு வீட்டில் இருக்கும் அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுங்கள். வருடத்துக்கு ஒரு தரம் ஒட்டு பிரியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அவர் திடீரென்று போய்விட்டால், எட்டுச் செலவுக்குக்கூடக் காசை எடுக்க முடியாமல் வீட்டார் கிரைண்டர்காரனைத் தேடி அலைய வேண்டிவரும்.

வட்ஸ்அப்பில் நம்பர் அனுப்ப வேண்டாம். பிள்ளைகள் முன்னால் திறக்கவும் வேண்டாம், ஆறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் சொல்லும்.

கத்தியோடு ஆள் உள்ளே வந்து நின்றால் திறந்து கொடுத்துவிடுங்கள். இதில் யோசிக்க எதுவும் இல்லை.

உள்ளே எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

நகை, உறுதி, பிறப்பு விவாகப் பத்திரங்கள், கடவுச்சீட்டு. வெள்ளாமை விற்ற காசு வங்கிக்குப் போகும்வரை இரண்டு நாள் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். அம்பாறைப் பக்கத்தில் போகம் வெட்டியதும் எந்த வீட்டில் காசு இருக்கும் என்று ஊருக்கே தெரியும். நான் திறந்து பழுது பார்த்த பெட்டிகளில் நகையைவிட அடகுச் சிட்டைதான் அதிகம். அதையும் வைக்கத்தான் வேண்டும், சிட்டை தொலைந்தால் நகையை மீட்க அலைச்சல்.

வைக்கவே கூடாதது ஒன்று, அந்தப் பெட்டியின் அவசரத் திறப்பு, அதாவது நம்பர் பூட்டு வேலை செய்யாதபோது திறக்கும் சாவி. சிரிக்காதீர்கள், மாதம் ஒரு வீட்டில் நடக்கிறது.

காகிதங்களை ஒவ்வொன்றாக ஸிப் வைத்த பிளாஸ்ரிக் உறையில் போடுங்கள். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, நகையை எடை எழுதிய பில்லோடு சேர்த்து எடுத்து, பிரதி ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் வையுங்கள். 2004 டிசம்பர் 26 காலை சுனாமியில் நாவலடியிலும் பாண்டிருப்பிலும் சுவர்களே இல்லாமல் போயின. சுவர் போனால் சுவருக்குள் இருந்ததும் போனதுதான். எங்கள் தெருவிலேயே பிறப்புப் பதிவுக்கும் உறுதிக்கும் பிரதி எடுக்க வருடக்கணக்காய் அலைந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்படி உறுதி தொலைந்தால் காணியும் போய்விடுமா?

இல்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியில் ஒரு பிரதி அவரிடம் இருக்கும், இன்னொன்று காணிப் பதிவகத்துக்குப் போயிருக்கும். அங்கே அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுக்கலாம், உறுதி இலக்கமும் திகதியும் தெரிந்திருந்தால் வேலை சுலபம். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி என்றால் பதிவேடு பிரதேச செயலகத்தில் இருக்கும். ஆகவே இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நெருப்புக்குத் தாங்குமா?

சுவரில் பதிக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை நெருப்புக்காகச் செய்தவை அல்ல. சுற்றியுள்ள கொங்கிரீட் கொஞ்சம் உதவும், கதவு உதவாது. நெருப்புக்கென்று செய்த பெட்டியின் சுவர் தடிப்பு, அதற்குள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் கலவை இருக்கும். சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி உள்ளே தாளைக் காப்பாற்றும். யூஎல் 350 என்ற அமெரிக்கத் தரம் சொல்வது, குறித்த நேரம் முழுவதும் உட்சூடு 350 பாகை பாரன்ஹைட்டைத் தாண்டக் கூடாது என்பது, அதாவது 177 செல்சியஸ். ஆனால் அதே ஈரம் சாதாரண நாட்களில் உள்ளே பூஞ்சணம் பிடிக்க வைக்கும், நம் காலநிலையில் இரட்டிப்பாக. எங்கள் பக்கத்துக்கு நெருப்பைவிடத் தண்ணீருக்கே பயப்பட வேண்டும் என்பது என் எண்ணம்.

வாடகை வீட்டில்?

வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் சுவரைத் தொடாதீர்கள். போல்ட் அடிக்க மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இவ்வளவு பாடுபடுவதற்கு வங்கி லொக்கர் போதாதா?

கிடைத்தால் நல்லது. எல்லாக் கிளையிலும் இல்லை, இருக்கும் கிளையில் காத்திருக்க வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போகும் சனி, ஞாயிறில் வங்கி திறந்திருக்காது என்பதுதான் நம் பெண்களின் முறைப்பாடு. தினம் போடுவது வீட்டில், வருடத்துக்கு ஒரு தரம் போடுவது வங்கியில் என்று பிரித்து வைப்பவர்கள் புத்திசாலிகள்.

நம்பர் சரியாக அடித்தும் கதவு திறக்கவில்லை. உடைக்க வேண்டுமா?

பொறுங்கள். பச்சை வெளிச்சம் மங்கலாக இருந்தால் பற்றரி. நாலையும் ஒன்றாக மாற்றுங்கள், அல்கலைன் வகை மட்டும். மலிவுப் பற்றரி கசிந்து உள்ளே பச்சைப் பச்சையாய்த் தின்றுவிடும். சித்திரைப் புத்தாண்டுக்கு வீடு கழுவும்போது பற்றரியும் மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. பிழையாக மூன்று தரம் அடித்திருந்தால் பூட்டு சில நிமிடம் வேலைநிறுத்தம் செய்யும், அது தெளியும்வரை காத்திருங்கள். அவசரத் திறப்பு பெட்டிக்கு வெளியே இருந்தால் அது அடுத்த வழி.

வெளிச்சம் வருகிறது, மோட்டார் சத்தமும் கேட்கிறது, கைப்பிடி மட்டும் திரும்பவில்லை என்றால், உள்ளே ஏதோ கதவை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. போன தை மாதம் களுதாவளையிலிருந்து ஒரு மாமி இரவு எட்டரைக்குப் போன் எடுத்தார். விடிந்தால் கல்யாணம், பெட்டி திறக்கவில்லை, அழுகை. போய்ப் பார்த்தேன். நம்பரை அடிக்கச் சொல்லிவிட்டு, முழங்காலைக் கதவில் ஊன்றி முழுப் பாரத்தோடு உள்ளே தள்ளியபடி கைப்பிடியைத் திருப்பினேன். "களுக்" என்று விட்டது. கதவோடு சேர்ந்து பிதுங்கிக்கொண்டு வந்தது சிவப்புக் கூறைச் சாரி, அதன் ஒரு மடிப்பு கதவுச் சட்டத்தில் நசுங்கியிருந்தது.

"சாரியைப் போய் ஏன் மாமி லொக்கருக்குள்ள வைக்கிறீங்க?" என்றேன்.

"அதுக்குள்ளதான் மனே தாலிக்கொடிய சுத்தி வெச்சிருக்கன்."